இருட்டான கதை கேட்டு வருபவர்களுக்கு: உளவியல் திரில்லர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு அலுமாரி நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் திரில்லர். முதல் அலுமாரி 2004 டிசம்பரில் கடலோடு போனது; இது இரண்டாவது. ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் வாங்கியவை கொஞ்சம், வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்கள் விமானத்தில் வாசித்துவிட்டுப் பெட்டிப் பாரம் குறைக்க விட்டுப்போனவை மிச்சம். ஏறாவூர், கல்முனையிலிருந்தும் இரவல் கேட்டு வருகிறார்கள். கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைக்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் இங்கே உடைக்கமாட்டேன், பயப்படாமல் வாசியுங்கள்.

உளவியல் திரில்லர் என்றால் துப்பறியும் கதைதானே?

இல்லை. துப்பறியும் கதையில் குற்றம் நடந்த வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார். நிதானமாகப் பார்ப்பார், விசாரிப்பார், கடைசியில் எல்லோரையும் ஒரு அறையில் இருத்தி விளக்குவார். நாம் அவருடைய தோளுக்குப் பின்னால் பத்திரமாக நிற்கலாம். உளவியல் திரில்லரில் அப்படி ஒரு ஆள் வருவதில்லை, வந்தாலும் உதவுவதில்லை. கதை சொல்பவரின் தலைக்குள் நாமும் அடைபட்டுக் கிடக்கிறோம். அவர் பொய் சொல்கிறாரா, மறந்துவிட்டாரா, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறாரா? யார் கொன்றது என்பதைவிட, இதை எனக்குச் சொல்லும் ஆளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற சந்தேகம்தான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் நம்மைப் பகிடி பண்ணுவார்கள் அல்லவா? அந்த மந்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் எழும்பிப் போக மனமிருந்தும் முடியாமல் ஒருவர் ஒரு வீட்டோடு, ஒரு மனிதரோடு ஒட்டிக்கிடப்பது எப்படி என்பதுதான் இந்த வகை நாவல்களில் பாதிக்குப் பாதி.

இதுவரை ஒன்றும் வாசித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

டாஃப்னி டு மோரியரின் 'ரெபெக்கா'. 1938 இல் வந்த நாவல். புதுசாக ஒன்றைக் கேட்டு வந்தவர்களுக்கு எண்பது வருசப் பழசை நீட்டுகிறேன் என்று முகம் சுளிப்பார்கள். ஒரு கிழமை கழித்து இரண்டாவது புத்தகத்துக்கு வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும்.

கதை இதுதான். ஒரு பணக்காரச் சீமாட்டிக்குத் துணையாளாக வேலை செய்யும் இளம்பெண், மனைவியை இழந்த பிரபு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அவருடைய மாளிகைக்குப் போகிறாள். இறந்துபோன முதல் மனைவி ரெபெக்கா அந்த வீட்டில் எல்லா இடத்திலும் இருக்கிறாள்: கடதாசியில் அவள் எழுத்து, அறையில் அவள் உடுப்பு, வேலைக்காரர்கள் வாயில் அவள் பெயர். கதை சொல்லும் பெண்ணுக்கோ நாவல் முழுவதும் பெயரே கிடையாது. வீட்டை நிர்வகிக்கும் மிஸஸ் டான்வர்ஸ் குரலை உயர்த்துவதில்லை, கையை ஓங்குவதில்லை. அப்படியும் அவர் ஜன்னலோரம் வந்து நின்றால் நமக்கு மூச்சு அடைக்கிறது.

இதில் நமக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. நம் பக்கத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணின் சீதனம். அதனால் 'ரெபெக்கா'வை வாசித்துவிட்டு அதிகம் நடுங்குவது நம் ஊர் ஆண்கள்தான் என்பது என் அனுபவம். கோப்பை எந்த அலுமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத வீட்டில், எல்லோரும் பழைய கதை ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க, தனக்கு மட்டும் தெரியாமல் நடுவில் இருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காத்தான்குடித் தம்பி ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது, "டீச்சர், இது என்ட மாமி வீடு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. தமிழில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு விசயம். இந்த வகை நாவல்களில் பல எளிய ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, ஏனென்றால் ஒரு மனிதர் நம் காதுக்குள் பேசுவது போல எழுதப்பட்டவை. ஓயின்கன் பிரெய்த்வெயிட்டின் 'மை சிஸ்டர், த சீரியல் கில்லர்' (2018) சின்னச் சின்ன அத்தியாயங்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரம், அக்கா தாதி, தங்கச்சி அழகி. தங்கச்சியின் காதலர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள், அக்கா துடைப்பமும் வாளியுமாகப் போய்ச் சுத்தம் செய்கிறாள். குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்த யாரும் அகராதி இல்லாமலே இதை வாசித்து முடிப்பார்கள்.

தமிழில் என்றால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. குமுதத்தில் தொடராக வந்தது. அவருடைய வக்கீல் ஜோடி கணேஷும் வசந்தும் வருவதால் துப்பறியும் கதை போலத்தான் தொடங்கும். ஆனால் நடப்பது பேய் வேலையா விஞ்ஞானமா என்று வாசிப்பவரை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே போவது அதன் கெட்டித்தனம். இந்திரா சௌந்தர்ராஜனிடம் கோயில், சித்தர், காவல் தெய்வம் எல்லாம் சேர்ந்து வரும். நம் ஊர்ச் சடங்குகளோடு வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிக்கும். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கு மேல் நாவல் எழுதியவர். பஸ்ஸில் வாசிக்க நல்லவை, ஆனால் வேகம் அங்கே அதிகம், மனதுக்குள் இறங்குவது குறைவு.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்றை நீட்டுவேன்: தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில். "டீச்சர், இது இலக்கியம்" என்று பின்வாங்குவார்கள். 1866 இல் வந்த இலக்கியம்தான். ஆனால் ஒரு பட்டினி மாணவன், அடகு பிடிக்கும் கிழவி, ஒரு கோடரி. முதல் பாகத்திலேயே கொலை முடிந்துவிடும். மிச்சம் ஐந்து பாகமும் அவன் தன்னைத்தானே துரத்துவது. விசாரணை அதிகாரி பொர்ஃபிரி அவனோடு சும்மா கதைத்துக்கொண்டிருக்கும் இடங்களை வாசித்துப் பாருங்கள், இன்றைக்கு எழுதும் பலர் அந்தக் கதிரையில் இருந்துதான் தொழில் பழகியிருக்கிறார்கள் என்று விளங்கும்.

'கோன் கேர்ள்' வாசித்தேன், தூக்கமே போய்விட்டது. அதே மாதிரி அடுத்தது?

இதுதான் இப்போது அதிகம் வரும் கேள்வி. ஜிலியன் ஃப்ளின்னின் அந்த நாவல் 2012 இல் வந்தது, 2014 இல் படமானது. அதற்குப் பிறகு பின்னட்டையில் அதன் பெயரைச் சொல்லாத புத்தகமே இல்லை என்றாகிவிட்டது. அந்த விளம்பரங்களை நம்பாதீர்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: அதில் உங்களுக்கு எது பிடித்தது?

கணவன் ஒரு பக்கம், மனைவியின் நாட்குறிப்பு ஒரு பக்கம் என்று இரண்டு குரல் முரண்படுவது பிடித்ததென்றால், நினைவு ஏமாற்றும் கதைகளுக்குப் போங்கள். போலா ஹாக்கின்ஸின் 'த கேர்ள் ஆன் த ட்ரெயின்' (2015) மூன்று பெண்கள் சொல்லும் கதை. ஒருத்தி தினமும் ரயில் ஜன்னலால் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு போகிறாள், அங்கே வாழும் தம்பதிக்குத் தானே பெயரும் வைத்திருக்கிறாள். குடியினால் அவளுக்குச் சில இரவுகள் நினைவிலேயே இல்லை. எஸ்.ஜே. வாட்சனின் 'பிஃபோர் ஐ கோ டு ஸ்லீப்' (2011) இல் ஒரு பெண்ணுக்குத் தூங்கி எழும்பினால் முந்திய வாழ்க்கை மறந்துபோகிறது. தான் எழுதிய நாட்குறிப்பைத் திறந்தால், கணவனை நம்பாதே என்று தன் கையெழுத்திலேயே இருக்கிறது. இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் மேல். முதலாவதில் பாதிக்கு மேல் ஆளை ஊகிக்கலாம்.

கெட்டவர் ஒருவரை நம்மையறியாமல் விரும்ப வைத்தது பிடித்ததென்றால் பட்ரிசியா ஹைஸ்மித்தின் 'த டேலன்டட் மிஸ்டர் ரிப்லி' (1955). அமெரிக்கப் பணக்காரர் ஒருவர், இத்தாலியில் சுற்றித்திரியும் தன் மகனைக் கூட்டிவரச் சொல்லி டாம் ரிப்லியை அனுப்புகிறார். டாமுக்கோ அந்த மகனைக் கூட்டிவரும் ஆசை போய், அவனாகவே ஆகிவிடும் ஆசை வருகிறது. பொலிஸ் கதவைத் தட்டும்போது இவன் தப்ப வேண்டுமே என்று நம் மனம் அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நம்மைப் பற்றி நாமே கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும். என்னைக் கேட்டால் இந்த வகை முழுவதிலும் இதற்கு மேல் ஒன்றில்லை.

சின்ன ஊரின் நஞ்சு பிடித்ததென்றால் ஃப்ளின்னின் முதல் நாவலான 'ஷார்ப் ஒப்ஜெக்ட்ஸ்' (2006). அதைத் தருமுன் ஒரு எச்சரிக்கை சொல்வேன், கீழே இருக்கிறது. ஷேர்லி ஜாக்சனின் 'வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்' (1962) இன்னும் நுட்பமானது. குடும்பத்தில் பெரும்பாலோர் சீனியில் கலந்த ஆர்செனிக்கால் செத்துப்போன வீடு, மிஞ்சிய இரண்டு சகோதரிகள், ஒரு சித்தப்பா. தங்கச்சி சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும் முதல் அத்தியாயத்தை வாசியுங்கள். ஒழுங்கை முழுக்கக் கண்கள் முதுகில் குத்தும் அந்த நடையை, ஊர் வாயில் ஒரு முறையாவது அகப்பட்டவர்கள் அறிவார்கள்.

கொலைகாரனை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு என்ன சுவாரசியம்?

கெய்கோ ஹிகாஷினோவின் 'த டிவோஷன் ஒஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' வாசியுங்கள், இந்தக் கேள்வியை இனிக் கேட்கமாட்டீர்கள். 2005 இல் ஜப்பானில் வெளிவந்து நவோகி பரிசு பெற்றது. ஒரு தாய் தன்னைத் தொல்லை செய்யும் முன்னாள் கணவனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறாள். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் கணித ஆசிரியர், தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். எல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே கடைசி வரை போகிறோம். அங்கேதான் அடி விழுகிறது. கணிதம் படிப்பிக்கும் சேர்மார் இரண்டு பேர் இதைத் திருப்பித் தரவே இல்லை. மூன்றாவது பிரதி இப்போது வைத்திருக்கிறேன்.

பேய்க்கதை வேண்டும். இருக்கிறதா?

ஹென்றி ஜேம்ஸின் 'த டர்ன் ஒஃப் த ஸ்க்ரூ' (1898). தூரத்து மாளிகை ஒன்றில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் ஆசிரியை உருவங்களைக் காண்கிறாள். அவை உண்மையிலேயே வந்தனவா, அவள் மனதின் வேலையா என்று நூறு வருசத்துக்கு மேலாக வாசகர்கள் சண்டை பிடிக்கிறார்கள். பௌர்ணமி இரவில் வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைத்து, மீன் பாடுது என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காதிருக்குமே, அந்த மாதிரி. வசனங்கள் மட்டும் நீளம், பொறுமை வேண்டும்.

இரவில் தனியாக வாசிக்கலாமா?

வாசிக்கத்தானே வேண்டும்! ஸ்டீபன் கிங்கின் 'மிசரி'யை நான் இரண்டாம் முறை வாசித்தது 2022 இல், ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம்கூட மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், டோர்ச் வெளிச்சத்தில். விபத்தில் கால் நொறுங்கிய எழுத்தாளரைத் தன் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் வாசகி, அவருடைய கடைசிப் புத்தகம் தனக்குப் பிடிக்கவில்லை என்று அறிந்ததும் என்ன செய்கிறாள் என்பது கதை. பக்கத்து வளவில் தேங்காய் விழுந்தது. அன்றைக்கு அதோடு மூடிவைத்தேன்.

நாங்கள் பட்டது போதாதா? இருட்டை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

இதை வயதானவர்கள்தான் கேட்பார்கள், நியாயமான கேள்வி. எனக்கு இதில் ஒரு பிழை நடந்திருக்கிறது. பல வருசத்துக்கு முன்னர், வாசிப்பில் ஆசையுள்ள ஒரு அம்மாவுக்கு, நன்றாக இருக்கும் என்று சொல்லி, காணாமல்போன ஒருவரைத் தேடும் நாவல் ஒன்றைக் கொடுத்தேன். யோசிக்காமல் கொடுத்தேன். நான்காம் நாள் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கதையில தேடுறவங்களுக்குக் கடைசிப் பக்கத்திலயாவது பதில் கிடைக்கும்தானே டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு, புத்தகத்தைக் கையில் கொடுக்குமுன் அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். முடிவைச் சொல்வதில்லை, காயத்தைச் சொல்வது. 'ஷார்ப் ஒப்ஜெக்ட்ஸ்' இல் கதாநாயகி தன் உடம்பைத் தானே வெட்டிக்கொண்டவள், சிறுமிகளும் கொல்லப்படுகிறார்கள். அதே ஆசிரியரின் 'டார்க் பிளேசஸ்' இல் ஒரு குடும்பமே கொல்லப்படுகிறது. 'கேர்ள் ஆன் த ட்ரெயின்' இல் குடியும் வீட்டு வன்முறையும் உண்டு. 'மிசரி'யில் அடைத்துவைப்பும் சித்திரவதையும். 'ரெபெக்கா'விலும் ரிப்லியிலும் இரத்தம் குறைவு.

இப்படிச் சொன்னால் சுவாரசியம் கெட்டுவிடும் என்று இளையவர்கள் முறைப்பாடு செய்வார்கள். கெடாது. மற்றப் பக்கமும் பார்த்திருக்கிறேன்: நிறையப் பார்த்த சிலர் இந்தப் புத்தகங்களைத்தான் தேடி வருகிறார்கள். பயத்துக்கு ஒரு முதல் பக்கமும் ஒரு கடைசிப் பக்கமும் இருப்பது, மூடி வைக்கலாம் என்பது, அவர்களுக்கு ஆறுதல் போல. யாருக்கு எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாசித்த பிறகு மனம் இறங்காமல் கனத்துக்கொண்டே இருந்தால் 1926 க்கு எடுத்துக் கதையுங்கள், அது நாட்டின் மனநல உதவி இலக்கம்.

மனநோய் உள்ளவர்கள்தான் கொலை செய்வார்கள் என்று இந்த நாவல்கள் சொல்கின்றனவே?

பல நாவல்கள் அப்படித்தான் சொல்கின்றன, அது இந்த வகையின் பழைய கோளாறு. ரொபர்ட் பிளாக்கின் 'சைக்கோ' (1959) வந்து, அடுத்த வருசமே ஹிட்ச்காக் அதைப் படமாக்கிய பிறகு, முடிவில் ஒரு வைத்தியர் வந்து நோய்ப் பெயர் சொன்னால் போதும் என்று எழுத்தாளர்கள் சோம்பல் பட்டுவிட்டார்கள். உண்மையில் மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தாங்கள் தாக்கப்படுவதே கூட. யாரையும் 'விசர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அலெக்ஸ் மைக்கலிடிஸின் 'த சைலண்ட் பேஷண்ட்' (2019), கணவனைச் சுட்டுவிட்டு அதன்பின் ஒரு வார்த்தையும் பேசாத ஓவியரைப் பற்றியது. கதை சொல்வது அவருக்குச் சிகிச்சை தர வரும் உளசிகிச்சையாளர். முடிவு கெட்டியானது. ஆனால் அதிலுள்ள சிகிச்சையை உண்மையான சிகிச்சை என்று எண்ணிவிடாதீர்கள்.

படம் பார்த்துவிட்டேன். இனி நாவல் எதற்கு?

நல்ல நாவலென்றால் முடிவு தெரிந்த பிறகுதான் இரண்டாவது கதை தொடங்கும். முதல் வாசிப்பில் கண்ணுக்கு முன்னால் கிடந்தும் காணாமல் விட்டவை எல்லாம் அப்போது தெரியும். டெனிஸ் லெஹேனின் 'ஷட்டர் ஐலண்ட்' (2003) அப்படி வாசிக்க வேண்டியது. 'ரெபெக்கா'வுக்கோ இன்னொரு காரணமும் உண்டு: 1940 இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில், ஹொலிவூட்டின் அன்றைய ஒழுக்க விதிகளுக்காக ஒரு முக்கியமான விசயத்தை மாற்றிவிட்டார்கள். நாவல் படத்தைவிடக் கறுப்பு.

நம் ஆட்கள் எழுதவில்லையா?

திரில்லர் என்று பெயர் போட்டு நான் பெரிதாகக் காணவில்லை. ஆனால் கிழக்கிலங்கையின் உமா வரதராஜன் எழுதிய 'அரசனின் வருகை' என்ற சிறுகதையை வாசியுங்கள். ஒரு அரசன் ஊருக்கு வருகிறான். வேறு பெரிய சம்பவம் தேவைப்படவில்லை, பயம் தானாக வருகிறது. அவருடைய தொகுப்பின் பெயரே 'உள்மன யாத்திரை'.

மற்றபடி, சீதன வீடு, ஒரே வளவுக்குள் அக்காவுக்கு ஒன்று தங்கச்சிக்கு ஒன்று என்று கட்டிய வீடுகள், வெளியிலிருந்து வந்த இரண்டு மருமகன்மார், யாரும் உரத்துக் கதைக்காத பின்னேரம். இதைவிட நல்ல களம் எந்த மாளிகையில் இருக்கிறது? யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

இருட்டுக் கதைகளுக்குப் பேர்போன பழைய அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போவும், மேலே சொன்ன ஹென்றி ஜேம்ஸும் காப்புரிமை முடிந்தவர்கள், குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். ஈழத்து எழுத்துக்கு நூலகம் தளம். கொழும்புக்கு ரயிலில் போகும் ஆட்களிடம் மருதானை விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளைச் சொல்லி அனுப்புங்கள், பேரம் பேசத் தெரிந்தவரை அனுப்புங்கள். செப்டம்பரில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்கு நான் வெறும் பையோடு போய்ப் பொய்க் கணக்கோடு வீட்டுக்கு வருவேன்.

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) கொடுக்கலாம். தீவொன்றுக்கு அழைக்கப்பட்ட பத்துப் பேர், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். பரீட்சை முடிந்த பிறகு கொடுங்கள்.

இரவல் வாங்கினால் எப்போது திருப்பித் தர வேண்டும்?

மூன்று கிழமை. தாளை மடிக்கக்கூடாது, பென்சிலால் எழுதக்கூடாது. இந்த இரண்டாவது விதிக்குக் காரணம் மேலே சொன்ன அந்த அகதா கிறிஸ்டிதான். ஆட்கள் அறிமுகமாகும் முதல் அத்தியாயத்தில் யாரோ ஒரு பெயருக்குக் கீழே கோடு போட்டு 'இவர்தான்' என்று எழுதிவிட்டார்கள். அடுத்ததாக வாங்கிய பிள்ளை, கதை கெட்டுப்போச்சு என்று கண் கலங்கி வந்து நின்றாள். எதற்கும் கடைசி வரை வாசி மகள் என்று அனுப்பினேன்.

அந்தப் பெயர் பிழை. இன்னும் அழிக்கவில்லை.